தோசையா, தக்காளியா?

பிறந்து பத்து மாதம் வரை ரக்ஷிதா ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷில் சேர்த்த மூன்றாம் நாள் முதல் தும்மலைப் போட்டாள். அவ்வளவுதான், கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

முதலில் மூக்கு ஒழுகியது. மூக்கு நின்றதும் கண்ணில் பீளை கட்டியது. கண் தெளிந்ததும் வயிற்றால் போனது. அது ஒருவழியாக நின்று, அப்பாடா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த அன்று சாயங்காலம் உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. திருப்பதிக்குள் புதிதாக எந்தக் கிருமி வந்து இறங்கினாலும் முதலில் இந்த வீட்டு விலாசத்தைத்தான் விசாரிக்கிறது என்று குழந்தையின் அப்பன் ஹேமநாத்துக்கு உறுதியாகிவிட்டது.

கிரஷில் மொத்தம் பன்னிரண்டு குழந்தைகள். பன்னிரண்டுக்கும் பிடித்தது ஒரே ஒரு ரப்பர் யானை. திங்கட்கிழமை யஸ்வந்த் என்கிற குண்டுப் பையன் அதன் தும்பிக்கையைச் சப்புவான். செவ்வாய்க்கிழமை அதே தும்பிக்கை ரக்ஷிதாவின் வாயில் இருக்கும். புதன்கிழமை அவளுக்கு மூக்கு. வியாழக்கிழமை ஹேமநாத்துக்குத் தொண்டை. வெள்ளிக்கிழமை அவன் மனைவி ரோஹிணிக்குக் காய்ச்சல். சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் கிழிந்த பாயாகக் கிடக்க, அதற்குள் தேறிவிட்ட மகாராணி இரண்டு பேர் வயிற்றின் மேலும் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருப்பாள்.

டாக்டர் வரதராஜன் ரக்ஷிதாவின் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா அழுவுறே? கிரஷ்ல சேத்த மொத வருசம் இப்டிதான் இருக்கும். எட்டு தபா, பத்து தபா சளி புடிக்கும். மூச்சு வேகமா வாங்கினா, பாலே குடிக்கலன்னா ஒடனே தூக்கிக்கினு வா. மத்தபடி ஒடம்பு பாடம் படிச்சிக்கினு கீது, படிக்கட்டும்."

"பாடம் அவ படிக்கிறா, பரீட்ச நாங்க எழுதுறோமே டாக்டர்" என்றான் ஹேமநாத், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ரோஹிணி சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். திருப்பதியிலிருந்து தினமும் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்துப் போய்வருபவள். நீட்டித்த பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டு மாதத்தில் பதினோரு நாள் லீவு. ஊரார் ரத்தத்தில் என்ன கோளாறு என்று கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொல்கிறவளுக்கு, தன் குழந்தையின் மூக்கு நாளைக்கு என்ன செய்யும் என்பது மட்டும் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தது. ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தால் சிவப்பணு, வெள்ளையணு எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் எண்ணிக் கொடுக்கிற மெஷின். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் பயிற்சி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பரீட்சை. தேறுகிறவர்தான் மெஷினுக்கு இன்சார்ஜ். ரோஹிணியின் பேரும் கூட வேலை பார்க்கும் கோவர்த்தனன் பேரும் பட்டியலில் இருந்தன. ஒரு நாள் வராவிட்டாலும் பேரை அடித்துவிடுவார்கள் என்று தலைமை டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் கோவர்த்தனனைப் பார்க்கவில்லை.

"மாமா, இந்த ஆறு நாளு மட்டும் நான் முழுசா போவலன்னா, நானே வேலைய வுடறேன்னு பேப்பர் போட்டுட்டு வந்துடறேன்" என்றாள் ரோஹிணி ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே. "வாரத்துல மூணு நாளு ஓடியாறவள எவன் வெச்சிப்பான்? புள்ளைக்கும் ஒழுங்கா இல்ல, வேலைக்கும் ஒழுங்கா இல்ல. எதுக்கு இந்தப் பொழப்பு?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு ஹேமநாத் அவள் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தான். அந்த மெஷினைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவள் முகம் எப்படி மலரும் என்று அவனுக்குத்தான் தெரியும். கல்யாணப் புடவைக்குக்கூட அப்படி மலர்ந்ததில்லை. "இந்த ஆறு நாளு கொழந்த என்னுது" என்றான் நெஞ்சைத் தட்டி. "கிரஷ்ல என் நம்பர் மட்டும் குடுத்துடறேன். தும்மினாலும் நானு, இருமினாலும் நானு. நீ போன தொடவே கூடாது."

"நடுவுல ஒரு தபா கேப்பேன். பொய் சொல்லக்கூடாது."

"புள்ள விசயத்துல பொய் சொல்வனா?" என்று ரக்ஷிதாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். ரக்ஷிதா அந்தக் கையைப் பிடித்துச் சப்பினாள்.

திங்கள் கொஞ்சம் மூக்கோடு போனது. செவ்வாய் அதைவிடக் குறைந்த மூக்கோடு போனது. வினை புதன்கிழமை வந்தது.

ஹேமநாத் லிஃப்ட் மெக்கானிக். திருப்பதியில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை, லாட்ஜில் லிஃப்ட் நிற்பதற்கும் பஞ்சமில்லை. அன்று பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் ஒன்றில், லிஃப்ட் குழிக்குள் இறங்கி கிரீஸும் கையுமாக நின்றிருந்தான். மேலே திருமலைக்குப் போய் மொட்டையடித்துத் திரும்பிய ஒரு கூட்டம், லிஃப்ட் எப்போது வரும் என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. கிரஷ் நடத்துகிற மனோரமா மேடம். தெலுங்குக்காரர், கறார்.

"பாப்ப தக்குதா உந்தண்டி" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஹேமநாத் நகரிப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஐ.டி.ஐ. படித்தது திருத்தணி, வேலை கற்றது சென்னை. கல்யாணத்துக்குப் பிறகுதான் திருப்பதிக்கு வந்தான். தெலுங்கு பேசுவான், பேச்சில் ஓட்டை இருக்கும். தெலுங்கில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்றுக்கு அர்த்தம் 'இருமுகிறது'. இன்னொன்றுக்கு அர்த்தம் 'குறைகிறது'. தமிழில் எழுதினால் இரண்டுமே 'தக்குதா உந்தி'தான். சொல்லும்போதுதான் முதல் எழுத்து ஒன்றில் கனமாக விழும், மற்றொன்றில் லேசாக விழும். லிஃப்ட் குழிக்குள், மொட்டைக் கூட்டம் கதவைத் தட்டுகிற நேரத்தில், கனமாவது லேசாவது?

திங்கட்கிழமை மூக்கு ஒழுகியது குறைந்துவிட்டதாம்! நல்ல சேதி சொல்வதற்கென்று போன் போட்டிருக்கிறார் பாரேன், இந்தம்மாவைப் போய்க் கறார் என்று நினைத்தோமே என்று ஹேமநாத் உருகிப்போனான்.

"சால சந்தோஷமண்டி!" என்றான்.

 என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல, "ஏமண்டீ?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

"இங்கா பாகா தக்கனீண்டி!" என்று கத்தினான். இன்னும் நன்றாகக் குறையட்டும் என்று அவன் வாழ்த்தினான். இன்னும் நன்றாக இருமட்டும் என்று அவர் காதில் விழுந்தது.

சாயங்காலம் அவன் போனபோது மனோரமா மேடம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நீயெல்லாம் ஒரு அப்பனா என்கிற பார்வை. குழந்தை இருமுகிறது என்று சொன்னால் சந்தோஷம் என்று சொல்கிற தகப்பனை இருபது வருஷத்தில் பார்த்ததில்லை என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினார். பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த அம்மாக்கள் எல்லாம் வட்டமாகக் கூடிவிட்டார்கள். ஹேமநாத் திருதிருவென்று விழித்தான். "மீரே கதண்டி செப்பிந்தி, தக்குதா உந்தின்னு!" என்றான், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று, பாதித் தெலுங்கில் பாதித் தமிழில்.

கிரஷில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லியம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பெண்பிள்ளை. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்ய, தம்பி! ரெண்டும் வேற வேற. தோசைல வர்ற 'த' சொன்னா இருமல். தக்காளில வர்ற 'த' சொன்னா கொறையுது. தொண்டைல கை வெச்சிக்கினு சொல்லிப் பாரு. தோசைக்குக் கையி அதிரும்."

ஹேமநாத் தொண்டையில் கைவைத்துக்கொண்டான். "தோசை. தக்காளி. தோசை." உண்மைதான், அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற யஸ்வந்தின் அம்மாவும் தன்னையறியாமல் தொண்டையில் கைவைத்து முணுமுணுத்தாள். பிறகு இன்னொருத்தி. கடைசியில் கறார் மேடமும் தொண்டையைப் பிடித்துக்கொள்ள, வாசலில் ஏழெட்டுப் பேர் தோசை, தக்காளி என்று சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்த காய்கறி வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி, எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்த ரோஹிணியிடம் ஒளிக்காமல் சொன்னான். அவள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். 'இங்கா பாகா தக்கனீண்டி' என்ற இடம் வந்ததும் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. பிறகு குழந்தையின் நெற்றியைத் தொட்டாள், மூச்சை எண்ணினாள். காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள், வெறும் வறட்டு இருமல்.

"நாளைலேர்ந்து ஒரே வார்த்தைல மெசேஜ் போடு மாமா" என்றாள். "தோசையா, தக்காளியா. அது போதும் எனக்கு."

வியாழக்கிழமை மதியம் அவளுக்குச் செய்தி போனது: தக்காளி தக்காளி தக்காளி. வெள்ளிக்கிழமையும் அதே மூன்று தக்காளி. சொன்னது நிஜம்தான், இருமல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை திரும்பும் பஸ்ஸில் புத்தலப்பட்டு தாண்டும்போது ரோஹிணி அவனுக்குப் போன் செய்து, மெஷின் தன் கைக்கு எவ்வளவு வசப்பட்டுவிட்டது தெரியுமா, கோவர்த்தனனே தன்னிடம் சந்தேகம் கேட்கிறான் தெரியுமா என்று மூச்சுவிடாமல் பேசினாள். ஹேமநாத்துக்கும் தலைகால் புரியவில்லை. இன்னும் ஒரே நாள்.

அந்த ஒரே நாளில்தான், சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, மனோரமா மேடத்தின் போன் வந்தது.

ஹேமநாத் இந்த முறை லிஃப்ட் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, லாட்ஜுக்கு வெளியே வந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் போனை அழுத்தினான்.

"அந்தரூ... அந்தரூ தக்குதா உண்டாரண்டி..." மேடத்தின் குரல் திணறியது. மூச்சு வாங்கியது. "மீ பாப்பே மொதலு... த்வரகா ரண்டி..." போன் துண்டிக்கப்பட்டுவிட்டது.

சந்தேகமே இல்லை. தோசை. கனமான, முறுகலான, சத்தியமான தோசை. அதுவும் ஒருத்தி இல்லை, எல்லோரும் இருமுகிறார்கள், உன் குழந்தைதான் முதலில், சீக்கிரம் வா என்கிறார். கறார் மேடம் அழுகிறார்!  பைக்கை எப்படி எடுத்தான் என்று ஹேமநாத்துக்கே தெரியாது.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. சட்டைப் பையில் மெசேஜ் வந்து போன் சிணுங்கியது. ரோஹிணி.

"இன்னும் பத்து நிமிசத்துல போன வாங்கி வெச்சிடுவாங்க. சொல்லு மாமா, தோசையா தக்காளியா?"

ஹேமநாத்தின் விரல் நின்றது. தோசை என்று போட்டால் அவள் எழுந்து வந்துவிடுவாள். அதில் அவனுக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை. ஆறு நாளும் மெஷினும் அந்த மலர்ந்த முகமும் போய்விடும். திங்கட்கிழமை பேப்பர் போட்டுவிடுவாள். தக்காளி என்று போட்டால், குழந்தை தலையில் கைவைத்துச் செய்த சத்தியம் போய்விடும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், பெற்றவளுக்குத் தெரியாமல் மறைத்தவன் என்கிற பேர் காலத்துக்கும் நிற்கும். சிக்னலில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது, எட்டு, ஏழு. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

தக்காளி.

பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அலறவிட்டான். ஹேமநாத் பறந்தான்.

கிரஷ் கதவைத் தள்ளும்போதே சத்தம் கேட்டது. கொஹ், கொஹ், கொஹ். பன்னிரண்டு தொண்டைகள். அவன் பேர் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

மனோரமா மேடம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தாரைதாரையாகத் தண்ணீர். சிரிப்பில் அவருக்குப் பேச வரவில்லை. பாயின் மேல் பன்னிரண்டு குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அந்த வட்டத்தில் ரப்பர் யானையைக் கையில் பிடித்தபடி ரக்ஷிதா. அவள் ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். முதுகை நிமிர்த்தினாள். "கொஹ், கொஹ்" என்றாள், ரொம்ப நாகரிகமாக. நிறுத்தினாள். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். உடனே யஸ்வந்த், "கொஹ்!" என்றான். அவனுக்கு அடுத்தவள், அவளுக்கு அடுத்தவன் என்று வட்டம் முழுக்க இருமல் சுற்றிவந்தது. வந்து முடிந்ததும் பன்னிரண்டும் கையைத் தட்டிக் கெக்கெக்கே என்று சிரித்தன. மறுபடி ரக்ஷிதா முதுகை நிமிர்த்தினாள்.

"பாத்தியா தம்பி ஒம்பொண்ணு வேலைய?" என்றாள் செல்லியம்மா. "புதன்கெழம இருமினப்ப ஓடி ஓடித் தூக்கினேன். இருமினா தூக்குவாங்கன்னு கண்டுபுடிச்சிட்டா. இருமல் நேத்தே போயிடுச்சி, இவ வுடல. இப்ப எல்லாத்துக்கும் கத்துக் குடுத்துட்டா. நீ வந்து பாக்கணும்னு மேடம்தான் போன் போட்டாங்க, சிரிப்புல பேச முடில."

ஹேமநாத் குழந்தையைத் தூக்கினான். நெற்றி ஜில்லென்று இருந்தது. மூக்கு காய்ந்திருந்தது. அவள் அவன் முகத்துக்கு நேராக, "கொஹ்" என்று ஒன்று போட்டுவிட்டு, எப்படி என்பதுபோலப் பார்த்தாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டோடு பதின்மூன்றாவதாக அவனும் பாயில் உட்கார்ந்து, இருமி, கைதட்டி, சிரித்தான். ரோஹிணிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தான். மணி இரண்டேகால். அவள் போன் எங்கோ ஒரு மேஜை டிராயரில் இருக்கும்.

பொய் சொன்னது உண்மையாகிவிட்டது. ஆனாலும் சொன்னபோது அது பொய்தானே? அது அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றான். சித்தூர் பஸ் வந்தது. கூட்டத்தோடு இறங்கிய ரோஹிணி ஓடிவந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். நெற்றி, கழுத்து, முதுகு என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அவனைப் பார்த்தாள்.

"திங்கக்கெழமலேர்ந்து மெஷினு என்னுது" என்றாள்.

அவன் சந்தோஷத்தில் கத்த வாயைத் திறந்தான். அவள் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"மாமா, மதியம் நீ பொய் சொன்ன இல்ல?"

ஹேமநாத் அவள் பையை வாங்கிக்கொண்டான். "எப்டித் தெரியும்?"

"தினம் மூணு தக்காளி வரும். இன்னிக்கி ஒண்ணுதான் வந்துச்சி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சொன்னா நீ எழுந்து வந்துடுவன்னு..."

"தெரிஞ்சேதான் உக்காந்தேன்" என்றாள் ரோஹிணி. "பைய எடுத்துக்கினு வாசல் வரைக்கும் வந்தேன். அப்புறம் நெனச்சிப் பாத்தேன். இவன் பொய் சொல்றான்னா இந்நேரம் கொழந்தைகிட்ட ஓடிக்கினு கீறான்னு அர்த்தம். நான் போயி சேர ஒன்றர மணி நேரம் ஆவும். அவன் அஞ்சி நிமிசத்துல போயிடுவான். பெத்தவங்கள்ல ஒருத்தர் பக்கத்துல இருந்தா போதாதா? திரும்பிப் போயி உக்காந்துட்டேன். மெஷின ஒரு அணுகூடத் தப்பா எண்ண வுடல."

 கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவள் சொன்ன எந்த வார்த்தையும் ஹேமநாத்தை இப்படி நிமிர்த்தியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். வந்தது இருமல். பலமான, நெஞ்சைக் குலுக்குகிற, அசல் இருமல்.

ரக்ஷிதா துள்ளிக் குதித்தாள். அப்பா மறுபடி விளையாட்டை ஆரம்பித்துவிட்டார்! முதுகை நிமிர்த்தி, "கொஹ், கொஹ்" என்று பதில் கொடுத்துவிட்டுக் கைதட்டினாள்.

"இவளுக்கு இன்னா ஆச்சி?" என்று பதறினாள் ரோஹிணி.

"அவளுது தக்காளி" என்றான் ஹேமநாத். "நான் அப்புறமா வெவரமா சொல்றேன்." மறுபடி இருமினான்.

ரோஹிணி புறங்கையை அவன் நெற்றியில் வைத்தாள். கொதித்தது. அந்த ரப்பர் யானை தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

"இது தோசை" என்றாள். "திங்கக்கெழம லீவு உனக்கு. வா, வூட்டுக்குப் போலாம்."